உரிமம் கேட்காத அலை

பழைய வீட்டின் பரணை ஒழிப்பது ஒருவகையில் சரித்திர ஆராய்ச்சிதான். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதிக்குப் பின்னால் உள்ள உறவினர் வீட்டில் அந்தத் திருப்பணியில் இறங்கியபோது, பித்தளைக் குத்துவிளக்கின் தண்டுக்கும் கரையான் தொட்ட பஞ்சாங்கங்களுக்கும் நடுவே இரண்டு பொருட்கள் எங்கள் கைக்கு வந்தன. ஒன்று, அஞ்சலகம் வழங்கிய வானொலி உரிமப் புத்தகம். மற்றொன்று, அந்த வீட்டார் முதன்முதலாக வாங்கிய வயர்லெஸ் ரவுட்டர். தமிழ்க் கணிமையார் அதற்குத் ‘திசைவி’ என்று பெயர் சூட்டினர். தெருவில் அது என்றும் ‘மோடம்’தான். இரண்டும் ‘கம்பியில்லாக் கருவி’ என்ற ஒரே சட்டச் சொல்லுக்குள் அடங்கியவை என்பதை அன்று பரணில் இருந்தவர்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் அத்தகைய கருவி எதையும் ஒருவர் கைவசம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பேசுவது இருக்கட்டும், கேட்பதற்கே அரசின் இசைவு வேண்டும். ஆகவே வீட்டில் வானொலிப் பெட்டி வாங்கியவர் ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குச் சென்று கட்டணம் செலுத்திப் புத்தகத்தில் பதிந்து வரவேண்டும். 1970களில் அது 15 ரூபாய். புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வாளர் வருவார் என்ற அச்சம் வீடுகளில் இருந்தது. 1980களின் நடுவில் அரசு இந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. ஆனால் அலையை அனுப்பும் கருவி அப்போதும் சாமானியருக்கு எட்டாதது. மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிலரே விதிவிலக்கு.

அந்த நாளைய அலைக்கு ஒரு பெருந்தன்மை இருந்தது. 1963 டிசம்பர் 1 அன்று திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. அதன் மத்திய அலைவரிசை 1197 கிலோஹெர்ட்ஸ். அலையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். அத்தனை நீண்ட அலைக்கு ஒரு வீடு பொருட்டே அல்ல. மாடியில் இரண்டு கம்பங்களுக்கிடையே செம்புவலை ஏரியலைக் கட்டி, முற்றத்து ஓரத்தில் எர்த் கம்பியைப் புதைத்து, வெயில் காலத்தில் அதற்கு ஒரு செம்புத் தண்ணீரும் ஊற்றினால் போதும். தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு அருகில் எங்கே பெட்டியை வைத்தாலும் பாடும். பெட்டியை எங்கே வைப்பது என்பது குடும்ப மரியாதை சார்ந்த கேள்வியாக இருந்தது. அலைக்கு அதில் கருத்தேதும் இல்லை.

ரவுட்டரின் அலை வேறு சாதி. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை நெடுங்காலம் ஒரு புறம்போக்கு நிலம் போலக் கிடந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் தொழிற்சாலைச் சூடேற்றிகளும் இரைச்சல் எழுப்பும் இடம் என்பதால் கண்ணியமான ஒலிபரப்பாளர் எவரும் அதைக் கேட்கவில்லை. 1985இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், இப்படிப்பட்ட நிலங்களில் உரிமமின்றிக் குறைந்த ஆற்றலில் செய்தி அனுப்பலாம் என்று திறந்துவிட்டது. கடைகளின் பணப்பதிவு எந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க விரும்பிய என்.சி.ஆர். நிறுவனத்தின் நெதர்லாந்துப் பொறியாளர்கள் அங்கே முதலில் ஏர் பூட்டியவர்களுள் அடங்குவர். 1997இல் 802.11 என்ற பொதுத் தரம் வெளியானது. 1999இல் அதற்கு ‘வைஃபை’ என்ற விளம்பரப் பெயர் பிறந்தது. ஒரு பெயர்சூட்டும் நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய பெயர். அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினியோடு ஒரு வைஃபை பெட்டியை விற்கத் தொடங்கியபின் அது வீட்டுப் பொருளாயிற்று.

நம் நாட்டில் 2005 ஜனவரி 28 தேதியிட்ட அறிவிக்கை, 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்களித்தது. அதே மாதத்தில்தான் பி.எஸ்.என்.எல். தன் அகலப்பாட்டைச் சேவையையும் தொடங்கியது. இந்தத் தற்செயலை நாங்கள் வியந்ததுண்டு. கேட்பதற்கு அஞ்சலகத்தில் பணம் கட்டிய குடும்பத்தின் பேரப்பிள்ளைகள், யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள் ஓர் அலைபரப்பியையே நிறுவிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, பன்னிரண்டு கிலோமீட்டர் தென்மேற்கே ராஜபாளையத்திலோ, அது ஒரு சரித்திர நிகழ்வு என்று யாரும் இனிப்பு வழங்கியதாக நினைவில்லை. பால்கோவாவுக்கா பஞ்சம்!

இனி, முதல் ரவுட்டரைத் தேர்ந்தெடுத்த கதை. தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணைப்புக்கு இரண்டு வேலைகள் நடக்கவேண்டும். கம்பியின் சைகையைக் கணினி மொழியாக்குவது மோடத்தின் வேலை. அதைப் பல கருவிகளுக்குப் பகிர்வது ரவுட்டரின் வேலை. இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதும் உண்டு, தனித்தனியே இருப்பதும் உண்டு. இந்த வேறுபாட்டை அறியாமல் அக்காலத்தில் பலர் ஏமாந்தனர், நாங்களும்தான். ராஜபாளையத்து வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மருமகன் ஆசையோடு ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்தார். அது அங்குள்ள கேபிள் இணைப்புக்கு உரியது. தொலைபேசிக் கம்பியைச் செருக அதில் துளையே கிடையாது. அதன் அடாப்டரோ அமெரிக்க மின்னழுத்தத்துக்கு மட்டும் ஆனது. நம் 230 வோல்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு சிறு புகைச்சுருளை விட்டு அடங்கியது. “போகட்டும் மாப்பிள்ளை, திருஷ்டி கழிந்தது” என்றார் மாமனார்.

இரண்டாம் முறை, தொலைபேசி நிலையத்தார் தரும் பெட்டிகளில் ஒன்றை எடுப்பதென்று முடிவாயிற்று. கம்பியுள்ளது, கம்பியில்லாதது என இருவகை. மாத வாடகைக்கும் கிடைக்கும், முழு விலைக்கும் கிடைக்கும். ஒரே ஒரு கணினி இருக்கும் வீட்டுக்குக் கம்பியில்லாதது எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அன்று பலரும் எடுத்திருந்த 500 ரூபாய்த் திட்டத்தில் மாதம் 1 ஜிபிதான் அளவு. அதற்குமேல் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக்காசு. இரவு 2 மணி முதல் காலை 8 வரை மட்டும் கணக்கில்லை. மார்கழியில் திருப்பாவைக்காக அதிகாலையில் எழும் ஊருக்கு இந்தச் சலுகை எவ்வளவு பொருத்தம் என்று அப்போது வேடிக்கையாகப் பேசிக்கொள்வோம்.

ஆனால் வாங்கிய பிறகே மெய்யான சோதனை வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். சாண் நீளம்கூட இல்லாத அந்த அலை ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய வீட்டில் நுழைவதை எண்ணிப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று ரயில்வண்டி போல நீளும் வீடு. இடையே சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர்கள். தொலைபேசி இருப்பதோ வாசலை ஒட்டிய ரேழியில், வந்தவர் பேசிவிட்டுப் போகும் வசதிக்காக. அங்கேயே பெட்டியை வைத்ததும் தெருவில் போகிற அந்நியருக்குச் சைகை முழுசாகக் கிடைத்தது. பின்கட்டில் படிக்கும் பெண்ணுக்கு ஒரு கோடுகூட வரவில்லை. தொலைபேசிக் கம்பியை நீட்டி, பெட்டியை முற்றத்தின் விளிம்புத் தூணில் ஆளுயரத்தில் மாட்டிய பிறகே வழி பிறந்தது. திறந்த முற்றத்தில் அலைக்குச் சுவர் இல்லை. ராஜபாளையத்துப் புது வீட்டின் இடர் வேறு. அங்கே சுவர் மெலிது, ஆனால் கீழ்த்தளத்து அலை மாடிக்குப் போக இரும்புக் கம்பிகள் பின்னிய கான்கிரீட் தளத்தைக் கடக்கவேண்டும். மாடிப்படியின் திருப்பத்தில் வைத்ததும் இரு தளங்களுக்கும் ஒருவாறு எட்டியது. கடைக்காரர்கள் அன்டெனாவின் எண்ணிக்கையைச் சொல்லி விற்றார்கள். எங்கள் அனுபவத்தில் வாங்குபவர் கடைக்கு எடுத்துச் செல்லவேண்டியது வீட்டின் வரைபடத்தைத்தான்.

ஐப்பசி இடியில் தொலைபேசிக் கம்பி வழியாகவே மின்னல் வந்து மோடத்தைத் தின்றுவிடும் என்பதால், வானம் இருண்டதும் கம்பியைப் பிடுங்குவது வழக்கமாயிற்று. ஏரியல் கம்பியைப் பிடுங்கிய தாத்தாவின் பழக்கம் அது. 2008க்குப் பின் சில ஆண்டுகள் தமிழகத்தை ஆட்டிய மின்வெட்டில் தொலைபேசி பேசும், பெட்டி பேசாது.

இவற்றையெல்லாம் விடக் கனமான கேள்வி பூட்டைப் பற்றியது. அக்காலப் பெட்டிகள் பலவும் கடவுச்சொல் இல்லாமலேயே இயங்கத் தொடங்கின. இருந்த பழைய பூட்டான ‘வெப்’ பயனற்றது என்பதை 2001இலேயே மறைக்குறியீட்டு அறிஞர்கள் மெய்ப்பித்திருந்தனர். 2003இல் ‘டபிள்யூபிஏ’ வந்தது. ஆனால் பூட்டுவதே அநாகரிகம் என்று கருதியவர்களும் எங்கள் வீட்டில் இருந்தனர். வழிப்போக்கர் படுக்கத் திண்ணை கட்டியவர்களின் வாரிசுகள் அல்லவா? அண்டைவீட்டுப் பையன் திண்ணையில் அமர்ந்து பாடல் இறக்கினால் மாதக் கடைசியில் கட்டணம் ஏறும் என்பதுதான் முதலில் எழுந்த ஆட்சேபம்.

2008 ஜூலை 26 அன்று அந்த வாதம் முடிந்தது. அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் பூட்டப்படாத வைஃபை வழியே சென்றிருந்தது. தொடர்பே இல்லாத அந்த வீட்டுக்காரர் காவல்துறை விசாரணைக்கு ஆளானார். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் பிறப்பித்தது. உரிமம் வேண்டாம் என்று திறந்த கதவுக்குப் பின்னால், உள்ளே நடப்பதற்கு நீயே பொறுப்பு என்ற எழுதாத உரிமம் ஒன்று இருந்திருக்கிறது. எங்கள் பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “பூட்டுடா அதை” என்றார். அன்று இரவே கடவுச்சொல் இட்டோம். பையன் மறுநாள் வந்து, “மாமா, உங்கள் வீட்டு நெட் வேலை செய்யவில்லையா?” என்று விசாரித்தபோது அவரால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை.

2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கும் வெளிப்புறப் பயன்பாடு உட்பட உரிம விலக்கு விரிந்தது. அது இன்னும் குட்டை அலை, காரைச் சுவரை இன்னும் அஞ்சும். கண்ணாடியிழை வந்தபின் பெட்டியை நிறுவனத்தார் தாமே கொண்டுவந்து, வாசலுக்கு அருகில் தமக்கு எளிதான சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பின்கட்டுக்கு இப்போதும் சரியாக வருவதில்லை. முற்றத்துத் தூணில் அன்று அடித்த ஆணி அப்படியே இருக்கிறது.