ஓரி செத்த அன்னைக்கு எழுந்த சத்தம்

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலைக்குப் போனவங்க, செம்மேட்டுல குதிரை மேல உட்கார்ந்திருக்கும் வல்வில் ஓரி சிலையைப் பார்த்திருப்பீங்க. ஆடி மாசம் அரசு விழாகூட உண்டு. ஆனா மனுஷன் எப்படிச் செத்தார்?

அந்தக் காலத்துல பேப்பர் ஏது, நிருபர் ஏது? புலவர்தான் எல்லாம். அகநானூறு 209-ல கல்லாடனார் சேதியைச் சுருக்கமா சொல்லிடறார்: முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். அவ்வளவுதான்.

என்னை உலுக்கினது கபிலர். நண்பன் பாரியோட பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகை போட்டதைப் பாடினவர். காரியின் கொடையைப் புகழ்ந்தவரும் இவரேதான். இவர் நற்றிணை 320-ல ஓரி கதையை எங்கே கொண்டுவந்து வைக்கிறார் தெரியுமா? இளம்பெண் ஒருத்தி தழையாடை கட்டிக்கிட்டு தெருவுல நடந்து போறா. ஊரே அமளிப்படுது. பெண்டாட்டிமார் அவங்கவங்க புருஷனைக் காவல் போட்டுக் காப்பாத்திக்கறாங்க! அந்த அமளிக்கு உவமை, ஓரியைக் கொன்னுட்டு காரி பகைவர் ஊர்ப் பெருந்தெருவுல நுழைஞ்சப்ப எழுந்த இரைச்சல்.

கேலிப் பாட்டுல போய் இப்படி ஒரு சாவுச் சேதி. கேட்டவங்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது போல.

ரெண்டு பேருமே கடையெழு வள்ளல்கள், சிறுபாணாற்றுப்படையே அப்படித்தான் சொல்லுது. வள்ளலும் வள்ளலும் மோதி, மலை மூணாவது ஆளுக்குப் போச்சு. அந்தத் தெருவுல நின்னவங்க அழுதாங்களா, அலறினாங்களா? கபிலர் சத்தத்தை மட்டும்தான் சொல்றார்.