ஊசியின் முள்: யாழ்ப்பாணத்து மருத்துவமனைத் தொழிலும் செங்கமாரியும்

முன்னர் கரையூர் என வழங்கிய குருநகர், யாழ்ப்பாண நகரின் தென்புறத்தே கடனீரேரியை ஒட்டி அமைந்த கடற்றொழிலாளர் குடியிருப்பாகும். அதற்கு அண்மையில், நகரின் நடுவே நிற்கும் போதனா வைத்தியசாலை, வடமாகாண அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால் 1850இல் ‘பிரெண்ட் இன் நீட்’ என்னும் அறச்சங்கத்தின் மருத்துவமனையாகத் தொடங்கிப் பின்னர் 1907இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. கடலுக்குப் போவோர் திருக்கை முள்ளின் நஞ்சை அறிந்து வலையிலிருந்து அதனை விலக்கத் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருந்தனராயினும், மருத்துவமனையில் உழைப்போர் தம் தொழிலின் முள்ளாகிய குருதி படிந்த ஊசியின் நஞ்சை அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது.

அந்த அறியாமைக்கு நோயின் பெயரும் ஒரு காரணமாயிற்று. கண்ணும் தோலும் மஞ்சளிக்கும் எந்த நோயையும் செங்கமாரி என்றே வழங்கிய மக்கள், அதற்குக் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுத்தனர். ஆனால் மாசுற்ற நீராலும் உணவாலும் பரவும் ஈரல் அழற்சி வேறு. குருதியாலும், உடலுறவாலும், மகப்பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவும் ஈரல் அழற்சி வேறு. இவ்விரண்டையும் முறையே ‘ஏ’, ‘பி’ எனப் பிரித்துக் குறிக்கும் வழக்கத்தைப் பிரித்தானிய மருத்துவர் மக்கலம் 1947இல்தான் முன்வைத்தார். பின்னது ஈரலில் பல்லாண்டு தங்கி, ஈரல் இறுக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் இட்டுச் செல்லக்கூடியது.

இந்நோயைப் பரப்பிய கருவிகளுள் தடுப்பு மருந்தேற்றலும் ஒன்றாக இருந்தது என்பது மருத்துவ வரலாற்றின் முரண். பெரியம்மைக்கான அம்மைப்பால் 1802இல் பம்பாயை அடைந்து, அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்தது. ஒருவரின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை மற்றொருவரின் கையில் கீறி ஏற்றுவதே அக்கால முறை. இவ்வாறு மனித உடலிலிருந்து எடுத்த அம்மைப்பால் ஏற்றப்பெற்ற ஜெர்மனியின் பிரேமன் கப்பற்கட்டுத் தொழிலாளர் 1,289 பேரில் 191 பேருக்கு மஞ்சட்காமாலை கண்டதை லூர்மன் என்ற மருத்துவர் 1885இல் பதிவுசெய்தார். மனிதக் குருதிநீர் கலந்த மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசியால் 1942இல் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 50,000 பேர் நோயுற்றனர்.

யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் கற்பித்து, பிற்காலத்தில் அதனைத் தமிழிலேயே போதித்து, ‘இரணவைத்தியம்’ போன்ற நூல்களையும் வெளியிட்ட அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். பிரேமன் செய்தி அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவம் பயின்ற முதல் தலைமுறையினர் அறுவைக் கத்தியைக் கையிலெடுத்தபோது, அக்கத்தியில் படிந்த குருதி தம் ஈரலைத் தாக்கக்கூடும் என்பதை உலகில் எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க இயலாது.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் கண்ட புதிய புரதத்தைப் பற்றி ஆய்வாளர் பரூக் புளும்பேர்க் 1965இல் எழுதியதும், அது ‘பி’ வகை ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரசின் புறவுறைக்குரியது எனப் பின்னர் தெளிவானதும் நிலைமையை மாற்றின. நோய் தாங்கிகளின் குருதிநீரிலிருந்து பிரித்த தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. நொதியத்தைக் கொண்டு (ஈஸ்ட் எனப்படும் நுண்ணுயிர்) ஆக்கப்பட்ட தடுப்பூசி 1986இல் வந்தது. அம்மைப்பால் ஊர்மக்களைத் தேடிச் சென்றதெனின், இத்தடுப்பூசி முதலில் பரிந்துரைக்கப்பட்டோருள் மருத்துவமனைத் தொழிலாளரே முன்னின்றனர். தடுப்பாற்றல் இல்லாத ஒருவர், இந்நோயுடையவருக்குக் குத்திய ஊசியால் குத்துண்டால், அவருக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை என மதிப்பிடப்படுகிறது. வைரசு உலர்ந்த குருதியிலும் ஏழு நாளேனும் உயிர்ப்புடன் இருக்கும். ஆதலால் அறுவை மருத்துவரும் தாதியரும் மட்டுமன்றி, ஆய்வுகூடத்தாரும், கழிவு அகற்றி விரிப்புத் துவைக்கும் சிற்றூழியரும் இத்தடுப்பூசிக்கு உரியவராயினர்.

கீழ்க்காய்நெல்லியும் ஆராயப்படாமல் விடப்படவில்லை. சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் அவர் குழுவினரும் புளும்பேர்க்குடன் இணைந்து 1988இல் ‘லான்செற்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், அதை உண்ட நோய் தாங்கிகளுள் நூற்றுக்கு 59 பேரிடம் வைரசின் அடையாளம் மறைந்ததாகக் கூறப்பட்டது. எனினும் பிற்கால ஆய்வுகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. தடுப்பூசியே நம்பத்தக்க காப்பாக நிலைபெற்றது.

இலங்கை 2003 முதல் படிப்படியாக இத்தடுப்பூசியைக் குழந்தைகளுக்கான நாட்டுத் திட்டத்தில் சேர்த்தது. அக்குழந்தைகளே இன்று மருத்துவ பீடத்திலும் தாதியர் பயிற்சியிலும் சேரும் வயதினர். அவர்களுக்கு முன் பிறந்தவரோ, முதலாம் ஊசியும் ஒரு மாதத்தில் இரண்டாவதும் ஆறாம் மாதத்தில் மூன்றாவதுமாகப் போட்டு, குருதியில் எதிர்ப்பொருள் உருவானதைச் சோதித்துக்கொண்டே தம்மைக் காக்க முடியும். முதல் ஊசியோடு நிறுத்தியவர் காப்புப் பெற்றவராகார். 2002இல் பிறந்த ஒரு தாதி அறுபது வயதில் ஓய்வு பெறுவாராயின் அது 2062ஆம் ஆண்டாகும். அதுவரை குழந்தைத் தடுப்பூசித் திட்டம் எவ்வளவு வெற்றி பெற்றாலும், விடுதியில் ஊசி ஏந்தும் கைகளைத் தனியே எண்ணிக் காக்கும் கடமை மருத்துவமனைகளை விட்டு நீங்காது.