சான்றிதழில் திறனாளி, சம்பளச் சீட்டில் திறனற்றவர்: நந்தவனம் முதல் நம் காலம் வரை

சென்ற மாதம் திருச்சியில் நாம் வழக்கமாகப் போகும் குடியிருப்பு ஒன்றில், ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். லேமினேட் செய்த சான்றிதழ். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு பெரிய வளாகத்தில் புல்தரையையும் பூச்செடிகளையும் பராமரித்து வருகிறவர் அவர். அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் தேர்வு வைத்து, "தோட்டக்காரர்" என்று சான்று கொடுத்திருக்கிறார்கள். பெருமையாகத்தான் காட்டினார். காட்டிவிட்டுக் கேட்டார்: "இத எங்க கொண்டு போயிக் காட்டணும் தம்பி?"

காட்ட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே காட்டியிருக்கிறார். ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் வாங்கிப் பார்த்து, "நல்லாருக்கும்மா, வீட்ல மாட்டி வையுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாம் அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். பணி வகை என்ற இடத்தில் 'அன்ஸ்கில்டு' என்று அச்சாகியிருந்தது. திறனற்றவர்.

ஒரே ஆளைப் பற்றி இரண்டு தாள்கள். ஒன்று அவரைத் திறனாளி என்கிறது. இன்னொன்று திறனற்றவர் என்கிறது. கூலி இரண்டாவது தாளின்படிதான் வருகிறது. இது ஏதோ அலுவலகப் பிழை என்று கடந்து போக முடியவில்லை. இந்த இரண்டாவது தாளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை, காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும்.

திருவரங்கத்தில் தோட்டக்காரர் என்றதும் நினைவுக்கு வருபவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார். திருமண்டங்குடியில் பிறந்த பிராமணர், இயற்பெயர் விப்ரநாராயணர். அரங்கனுக்கு நந்தவனம் அமைத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, பூப்பறித்து மாலை கட்டியவர் என்று வைணவ மரபு அவரைப் போற்றுகிறது. பின்னர் இராமானுசர் இங்கிருந்து தம் சீடர் அனந்தாழ்வானைத் திருமலைக்கு நந்தவனம் வைக்க அனுப்பினார் என்பதும் மரபில் பெருமையோடு சொல்லப்படுகிறது. மண் கொத்துவதும் தண்ணீர் சுமப்பதும் அவர்கள் செய்தபோது அதற்குப் பெயர் கைங்கர்யம்.

அதே பன்னிரு ஆழ்வார்களில் இன்னொருவர் திருப்பாணாழ்வார். ஆற்றின் இக்கரையில் உள்ள உறையூர்க்காரர். பாணர் குலம் என்பதால் காவிரியைக் கடக்காமல் தென்கரையில் நின்றே அரங்கனைப் பாடினார். வழியில் நின்றார் என்று லோகசாரங்கர் கல்லெறிந்தார், பின் அரங்கனின் கட்டளைப்படி அவரையே தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டு சென்றார் என்பது கதை. பக்தியின் வெற்றி என்று இதைச் சொல்வார்கள். நாம் கேட்பது வேறு. ஒருவருக்குக் கோயிலை ஒட்டித் தோட்டம் போட இடம் இருந்தது. இன்னொருவருக்கு ஆற்றைக் கடக்கவே தெய்வம் தலையிட வேண்டியிருந்தது. அவர் மண்வெட்டியோடு வந்திருந்தால் அதைக் கைங்கர்யம் என்று யாராவது எழுதியிருப்பார்களா?

இடையில் ஒரு படியும் உண்டு. பூணூல் அணியாத சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு நந்தவனமும் மாலை கட்டுதலும் மரபான பணிகளாக இருந்தன. ஆக, ஒரே தோட்ட வேலை பிறப்புக்கு ஏற்பப் பிரிந்தது. மேலே இருந்தால் பக்தி, நடுவில் இருந்தால் கோயில் உரிமை, கீழே இருந்தால் வெறும் கூலி. சாதி என்பது வேலையைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு மட்டுமல்ல, உழைப்பவர்களையே மேல் கீழாக அடுக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். திருவரங்கத்து நந்தவனம் அதற்கு நம்மூர் எடுத்துக்காட்டு.

இக்கோயிலின் கல்வெட்டுகளை இந்தியத் தொல்லியல் துறை தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24ஆம் தொகுதியாக வெளியிட்டிருக்கிறது. நந்தவனத்துக்காக நிலம் விட்ட கொடைகள் அதில் உண்டு. பொதுவாக இத்தகைய கொடைக் கல்வெட்டுகளில் கொடுத்தவர் பெயர் இருக்கும், ஆட்சியாண்டு இருக்கும், நிலத்தின் எல்லை இருக்கும். இறைத்தவரும் கொத்தியவரும் பெரும்பாலும் ஆட்கள் என்ற எண்ணிக்கையாகத்தான் நிற்பார்கள். காவிரிப் பாசன நிலத்தில் மிராசு ஒரு பக்கம், பண்ணையாள் ஒரு பக்கம். வாய்க்கால் எப்போது அடைக்க வேண்டும், எந்த மண் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்ற அறிவு சேரியில் இருந்தது. அதை அறிவு என்று பதிந்துவைக்கத்தான் ஆளில்லை. கோயில் நுழைவுக்கே 1939இல் ஒரு சட்டமும் 1947இல் மாகாணம் முழுமைக்குமான சட்டமும் தேவைப்பட்ட நாடு இது.

நவீன காலத்தில் விளையாட்டு மைதானங்கள் வந்தபோதாவது இது மாறியதா? புனேவுக்குப் போவோம். 1876இல் பிறந்த பல்வங்கர் பாலு, தோல் தொழிலோடு இணைத்து இழிவுபடுத்தப்பட்ட சமார் சமூகத்தவர். பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் மைதானம் பெருக்கி, ஆடுகளத்தை உருளை கொண்டு சமன் செய்யும் வேலையில் மாதம் 3 ரூபாய்க்குச் சேர்ந்தார். பிறகு ஐரோப்பியர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். களத்துக்குக் கோடு போடுவது, வலை கட்டுவது, வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசுவது என எல்லாம் அவர் வேலை. தன் கையால் உருட்டிய களத்தில் பந்து எப்படித் திரும்பும் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? இந்தியாவின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர் இப்படி ஒரு களப் பராமரிப்பாளரிடமிருந்து உருவானார். 1911இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். அப்படிப்பட்டவருக்கும் புனேயில் இந்து அணியினர் தேநீரைப் பெவிலியனுக்கு வெளியே தனி மண் குவளையில் கொடுத்தார்கள். இந்து அணிக்குத் தலைவராகும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் வந்தது.

அதே 1911ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோட்டப் பராமரிப்பாளர்கள் கூடி ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். இன்று 'புரொபஷனல் கிரவுண்ட்ஸ் மேனேஜ்மென்ட் சொசைட்டி' என்று இயங்கும் அந்த அமைப்பு, தேர்வு நடத்தி 'சான்றளிக்கப்பட்ட வளாகப் பராமரிப்பு மேலாளர்' என்ற தகுதியைக் கொடுக்கிறது. பட்டப்படிப்பு இல்லாதவர்களும் கூடுதல் அனுபவ ஆண்டுகளைக் காட்டி அந்தத் தேர்வை எழுதலாம். பிரிட்டனில் 1934இல் மைதானப் பராமரிப்பாளர்கள் சங்கம் கண்டார்கள். அதுவும் பயிற்சி, தேர்வு, தகுதி என வளர்ந்தது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அங்கே முதலில் வேலை செய்கிறவர்களின் சங்கம், அதன் பிறகு சான்றிதழ். தங்கள் தொழிலுக்கு எது திறன் என்று சொல்லும் அதிகாரத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். இங்கே யாருக்கு எந்த வேலை என்ற சான்றிதழைச் சாதி பிறப்பிலேயே எழுதிவிட்டது. அதற்குத் தேர்வும் இல்லை, பதவி உயர்வும் இல்லை.

இந்திய அரசு 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. 2015இல் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அதில் 'முன் கற்றலை அங்கீகரித்தல்' என்று ஒரு பிரிவு உண்டு. பள்ளிக்கூடம் போகாமல் வேலையிலேயே கற்றுக்கொண்டவர்களுக்குச் சில மணி நேர அறிமுகப் பயிற்சி கொடுத்து, மதிப்பிட்டு, சான்று வழங்குவது. தோட்டக்காரர் பணிக்கான தகுதியை வேளாண் திறன் கவுன்சில் வகுத்தது. இந்த ஏற்பாட்டை நாம் இகழவில்லை. எண்ணிக்கையாக மட்டுமே இருந்த ஆளுக்கு, பெயரோடும் புகைப்படத்தோடும் "இவருக்கு இந்த வேலை தெரியும்" என்று ஓர் அரசுத் தாள் கிடைப்பது சிறிய விஷயமல்ல. அந்த அம்மா கோரையைக் கிழங்கோடு எடுக்காவிட்டால் பத்தே நாளில் திரும்ப முளைக்கும் என்று நமக்கு விளக்கினார். சித்திரை வெயிலில் புல்லை ஒட்ட வெட்டினால் வேர் கருகிவிடும் என்றார். இது திறன் இல்லை என்றால் வேறு எது திறன்?

ஆனால் சான்றிதழ் தானாகக் கதவைத் திறக்காது என்பதைத் திருவரங்கமே நமக்குக் காட்டியிருக்கிறது. 2006இல் தமிழக அரசு அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று ஆணையிட்டு, அடுத்த ஆண்டு ஆறு பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கியது. அவற்றில் ஒன்று திருவரங்கத்தில். தலித் மாணவர்கள் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டோர் படித்துச் சான்றிதழ் பெற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு 2015 டிசம்பரில் வந்தது. பயிற்சி பெற்றவர்களில் 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்ட் 14 அன்று. கருவறைக்கான சான்றிதழே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது என்றால், நந்தவனத்துக்கான சான்றிதழை யார் மதிப்பார்கள், நாம் கேட்காவிட்டால்?

எதைக் கேட்பது? குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது தொழிலாளரைத் திறனற்றவர், ஓரளவு திறனுள்ளவர், திறனாளி என்று வகைப்படுத்தும் முறை ஏற்கெனவே இருக்கிறது. திறன் சான்று பெற்றவரை 'அன்ஸ்கில்டு' பட்டியலில் வைத்திருக்கக் கூடாது. இது முதல் கோரிக்கை. இரண்டாவது, ஒப்பந்தப் புள்ளி கோரும் அரசு நிறுவனங்களும் கோயில் நிர்வாகங்களும் சான்று பெற்ற தோட்டப் பணியாளருக்குத் தனி ஊதிய வரியை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மூன்றாவது, மேற்பார்வையாளர் இடங்களில் முதல் உரிமை அவர்களுக்கு வேண்டும். இன்று மண்ணில் நிற்கிறவர் ஒரு சமூகம், குடை பிடித்து நின்று கணக்கெழுதுகிறவர் இன்னொரு சமூகம். நிரந்தரப் பணியிடங்களைக் குறைத்து எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் விடும்போது இட ஒதுக்கீடும் சேர்ந்தே காணாமல் போகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் தனியாளாகக் கேட்டால், "வீட்ல மாட்டி வையுங்க" என்ற பதில்தான் வரும். அந்த வளாகத்தில் மட்டும் இப்படிச் சான்று பெற்றவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள், எட்டுப் பேர் பெண்கள். ஒன்பது பேரின் சான்றிதழ் நகலும் சம்பளச் சீட்டு நகலும் அருகருகே வைத்து, ஒரே மனுவாக எழுதியிருக்கிறோம். ஒரு பிரதி நிறுவனத்துக்கு, ஒரு பிரதி தொழிலாளர் துறைக்கு. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துவிட்டு லேமினேட் செய்த தாளை மறுபடி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். "இத வீட்ல மாட்ட மாட்டேன் தம்பி. கேக்கப் போறப்ப கையில இருக்கணும்ல?"

ஜெய் பீம்.