ஆளவந்தார் கொலை வழக்கும் பார்வையாளர் கருத்தும்

ஆளவந்தார் கொலை வழக்கு என்பது 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னை இராயபுரத்தில் நடந்த கொலையைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டில் தமிழக மக்கள் மிகுதியாகப் பேசிய வழக்குகளுள் இதுவும் ஒன்று. துப்பறியும் நாடகம் ஒன்று இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பானால் மக்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படியே இவ்வழக்கையும் பார்த்தனர். முதற்பகுதி காவல்துறையின் துப்பறிதல். இரண்டாம் பகுதி நீதிமன்ற விசாரணை. இரு பகுதிகளுக்கும் இடையில் பார்வையாளரின் கருத்து தலைகீழாக மாறியது. அந்த மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

வழக்கின் சுருக்கம்

ஆளவந்தார் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தில் பணியாற்றியவர். பின்னர்ச் சென்னையில் வணிகத்தில் ஈடுபட்டார். பாரிமுனை அருகே, இன்று என்.எஸ்.சி. போஸ் சாலை எனப்படும் சைனா பஜாரில், 'ஜெம் அண்ட் கம்பெனி' என்னும் புகழ்பெற்ற பேனாக் கடையின் முகப்பில் அவருக்குச் சிறிய விற்பனையிடம் இருந்தது. பேனாக்களையும் பிளாஸ்டிக் பொருள்களையும் விற்றார். தவணை முறையில் சேலை வியாபாரமும் செய்தார். அவர் திருமணமானவர்.

தேவகி என்னும் பெண்ணுடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. பின்னர்த் தேவகி பிரபாகர மேனன் என்பவரை மணந்தார். பழைய தொடர்பு கணவருக்குத் தெரிய வந்ததே கொலைக்குக் காரணம் என்பது வழக்கில் வெளிப்பட்ட செய்தி. 1952 ஆகஸ்டு 28 அன்று இராயபுரம் கல்லறைச் சாலையில் தம்பதியர் குடியிருந்த வீட்டில் ஆளவந்தார் கொல்லப்பட்டார்.

முதற்பகுதி: துப்பறிதல்

தலை துண்டிக்கப்பட்ட உடல் ஒரு டிரங்குப் பெட்டியில் அடைக்கப்பட்டு, எழும்பூரிலிருந்து புறப்பட்ட இந்தோ–சிலோன் எக்ஸ்பிரசில் ஏற்றப்பட்டது. மக்கள் அதனைப் 'போட் மெயில்' என்றே அழைத்தனர். அக்காலத்தில் அவ்வண்டி தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து பயணிகள் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போவர். பெட்டியிலிருந்து துர்நாற்றம் வீசவே பயணிகள் முறையிட்டனர். மானாமதுரையில் பெட்டி திறக்கப்பட்டது. அங்கே கிடைத்தது தலையற்ற உடல். அது யாருடையது என்பது யாருக்கும் தெரியவில்லை.

அதே சமயத்தில், நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னையில், ஒரு வணிகரைக் காணவில்லை என்று அவர் குடும்பத்தார் தேடிக்கொண்டிருந்தனர். இராயபுரம் கடற்கரை மணலில் புதைக்கப்பட்டிருந்த தலையும் கண்டெடுக்கப்பட்டது. உடலும் தலையும் ஒருவருடையவையே என்பதைத் தடயவியல் மருத்துவம் உறுதி செய்தது. சென்னையை விட்டுச் சென்றிருந்த தம்பதியர் பம்பாயில் கைது செய்யப்பட்டனர்.

இந்த முதற்பகுதியில் வாசகர் அனைவரும் காவல்துறையின் பக்கமே நின்றனர். அதற்கு முன்பே தமிழ் வாசகருக்குத் துப்பறியும் கதை நன்கு பழகியிருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் அரை நூற்றாண்டாக அவ்வழக்கத்தை வளர்த்திருந்தன. நகைச்சுவைக்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு' இருந்தது. ஓடும் இரயில், பூட்டிய பெட்டி, கடற்கரை மணல், பம்பாயில் கைது என்று கதையில் வருபவை யாவும் நாளிதழில் உண்மைச் செய்தியாகவே வந்தன. 'செய்தது யார்?' என்பதே அப்போதைய கேள்வி. கைது நடந்தவுடன் அக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இரண்டாம் பகுதி: நீதிமன்றம்

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னிலையில் நடந்தது. ஐ.சி.எஸ். அதிகாரியான அவர் ஆங்கிலத்தில் நாவல்களும் நாடகங்களும் எழுதியவர். அக்காலத்தில் உயர் நீதிமன்றக் குற்ற விசாரணையில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி இருந்தது. ஆளவந்தார் வணிகம் செய்த இடத்திலிருந்து உயர் நீதிமன்ற வளாகம் சாலையைக் கடந்தால் வந்துவிடும் தொலைவுதான்.

விசாரணையைக் காண மக்கள் திரண்டனர். இப்போது கேள்வி மாறியிருந்தது. கொலை செய்தது யார் என்பது தெரிந்த செய்தி, 'ஏன் செய்தார்? செய்தது தகுமா?' என்பதே புதிய கேள்வி. ஆளவந்தாரின் ஒழுக்கம் பற்றிய செய்திகள் நீதிமன்றத்தில் பேசப்பட, மக்களின் இரக்கம் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களை நோக்கித் திரும்பியது. மனைவியின் மானத்தைக் காத்த கணவன் என்று ஒரு சாரார் கூறினர். என்ன காரணமாயினும், தலையை அறுத்து, உடலைப் பெட்டியில் வைத்து இரயிலேற்றியது கொடுமையே என்று மற்றொரு சாரார் கூறினர்.

1953-இல் தீர்ப்பு வந்தது. பிரபாகர மேனனுக்கு ஏழு ஆண்டுக் கடுங்காவலும் தேவகிக்கு மூன்று ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. அன்றைய சட்டப்படி கொலைக்குற்றத்துக்குத் தூக்கு அல்லது ஆயுள் தண்டனை மட்டுமே உண்டு. ஏழாண்டு என்பது, நடந்தது கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்று கொண்டதன் விளைவாகும். கடுமையானதும் திடீரென்று நேர்ந்ததுமான சினமூட்டலால் தன்னிலை இழந்து ஒருவர் உயிரைப் போக்கினால், அதனைக் கொலையாகக் கருதாமல் விலக்களித்தது, 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300-ஆம் பிரிவு.

நானாவதி வழக்குடன் ஒப்பீடு

இதே கேள்வி ஏழாண்டுகளுக்குப் பின் பம்பாயில் எழுந்தது. 1959-இல் கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி, தம் மனைவியுடன் தொடர்பு வைத்திருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றார். 'பிளிட்ஸ்' வார இதழ் நானாவதிக்கு ஆதரவாக எழுதியது. ஜூரி 8–1 என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றது. உயர் நீதிமன்றம் அம்முடிவை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 1961-இல் அதனை உறுதி செய்தது. செய்தியை அறிந்ததற்கும் சுட்டதற்கும் இடையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருந்தது. சினம் தணியப் போதுமான நேரம் அது என்பது நீதிமன்றத்தின் கருத்து. 1964-இல் நானாவதி மன்னிக்கப்பட்டு விடுதலையானார்.

இரு வழக்குகளிலும் பார்வையாளரின் போக்கு ஒன்றே. இறந்தவர் பேச முடியாது. கூண்டில் நிற்பவர் கண்முன் நிற்கிறார். கண்ணால் காண்பவர் மீதே இரக்கம் பிறப்பது மனித இயல்பு. அந்த இரக்கம் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு எல்லை வகுப்பது சட்டத்தின் வேலை.

திரையிலும் தொலைக்காட்சியிலும்

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15 அன்றுதான். ஆகவே வழக்கு நடந்த நாள்களில் மக்கள் அதனைப் படித்தும் கேட்டும் நீதிமன்ற வாயிலில் நின்றுமே அறிந்தனர். விசாரணை முடிந்த அடுத்த ஆண்டு, 1954-இல், எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' திரைப்படம் வெளிவந்தது. சென்னையில் நடந்த ஒரு கொலையைப் பலரும் பலவிதமாகக் கூறுவதே அப்படத்தின் கதை. பாடல்களே இல்லாத அப்படம், குற்றத்தைப் பல கோணங்களில் காணும்படி பார்வையாளரைக் கேட்டது.

ஆளவந்தார் வழக்கு பின்னாளில் தூர்தர்ஷனில் தமிழ்த் தொடராகவும் வந்தது. வழக்கறிஞரும் திரைப்பட வரலாற்றாசிரியருமான ராண்டார் கை (1937–2023) இதனைப் பலமுறை எழுதிப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தினார்.

1993-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய பாசு சட்டர்ஜியின் 'பியோம்கேஷ் பக்‌ஷி' இந்தித் தொடரில் சில நீண்ட கதைகள் இரு பகுதிகளாக ஒளிபரப்பாயின. முதற்பகுதி முடிந்து அடுத்த வாரம் வரை காத்திருக்கும்போதுதான் பார்வையாளர் தம் தீர்ப்பை எழுதத் தொடங்குகின்றனர். கற்பனைக் கதையில் இதனால் தீங்கில்லை. அடுத்த வாரம் துப்பறிவாளர் வந்து உண்மையைச் சொல்லிவிடுவார். உண்மை வழக்கிலோ அவ்விடைவெளியில் எழும் கருத்தே இறந்தவரின் வரலாறாக நிலைத்துவிடக்கூடும்.

இராயபுரத்தின் இடம்

இவ்வழக்கால் இராயபுரத்தின் பெயர் ஊரெங்கும் பேசப்பட்டது. ஆனால் இராயபுரம் அதற்கு முன்பே வரலாற்றில் இடம்பெற்ற ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் இங்கிருந்தே புறப்பட்டது. துறைமுகத் தொழிலாளரும் காசிமேட்டு மீனவரும் வாழும் பகுதி இது. கொல்லப்பட்டவரோ குற்றம் சாட்டப்பட்டவர்களோ அம்மக்களைச் சார்ந்தவர் அல்லர். மீனவர் வலை உலர்த்தும் கடற்கரை, குற்றத்தை மறைக்கத் தேடிய இடமாக மட்டுமே கதையில் வருகிறது. எனினும் வடசென்னை என்றால் குற்றம் என்று திரையில் காட்டும் வழக்கம் நிலைத்துவிட்ட நிலையில், இவ்வழக்கையும் அதற்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.

மதிப்பீடு

ஆளவந்தார் வழக்கைப் பற்றிய பார்வையாளர் கருத்தில் மூன்று கேள்விகள் கலந்துள்ளன: செய்தது யார், ஏன் செய்தார், என்ன தண்டனை தகும். முதற்கேள்விக்குக் காவல்துறையும் மருத்துவமும் விடை கண்டன. மூன்றாவதற்கு நீதிமன்றம் விடை சொன்னது. இரண்டாவது கேள்விதான் மக்களிடம் விடப்பட்டது. இன்றளவும் பேசப்படுவதும் அதுவே. அதனைப் பேசுவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆளவந்தாரின் நடத்தை எத்தகையதாயினும், அவர் வீடு திரும்புவார் என்று ஆகஸ்டு மாத இறுதியில் ஒரு குடும்பம் காத்திருந்தது. விசாரணையில் எல்லாரும் பேசப்பட்டனர்; அக்குடும்பத்தின் இழப்பு மிகக் குறைவாகவே பேசப்பட்டது. இவ்வழக்கை மீண்டும் நாடகமாக்குவோர் அதற்கும் ஓர் இடம் தருவதே நேர்மையாகும்.