அல்சர் என்ற சொல்லும் ஒரு குவளைக் கிருமியும்

பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டால் 'அல்சர்' என்கிறோம். நெஞ்சு எரிந்தாலும் அல்சர், புளியேப்பம் வந்தாலும் அல்சர். வைத்தியர்கள் இச்சொல்லை எம்மளவுக்குத் தாராளமாகப் பாவிப்பதில்லை.

இலத்தீன் மொழியில் புண்ணைக் குறித்த 'உல்கஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது அல்சர். தோலிலோ உள்ளுறுப்பின் உட்சுவரிலோ மேற்படை அரிபட்டுக் குழி விழுந்தால்தான் அந்தப் பெயர். நீரிழிவுக்காரரின் காலில் ஆறாமல் கிடப்பதும் அல்சர், வாய்க்குள் வரும் வெண்புண்ணும் அல்சர். இரைப்பைச் சுவர் குழி விழாமல் வெறுமனே சிவந்து வீங்கியிருந்தால் அது அழற்சி, அதாவது கெஸ்ட்ரைட்டிஸ். எண்டொஸ்கொபி செய்து பார்க்காமல் இது அதுவா இதுவா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இந்த வித்தியாசத்தை ஒருவர் தன் வயிற்றிலேயே காட்டினார் எனலாம்.

கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் அமிலமும் மனக்கவலையும் உறைப்பும் என்றே நம்பினார்கள். நோயாளிக்குப் பாலும் கஞ்சியும் கொடுத்தார்கள். முற்றிவிட்டால் இரைப்பையில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்தார்கள். 1979இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன் என்ற நோயியல் வைத்தியர் இரைப்பை மாதிரிகளில் வளைந்த பக்டீரியாக்களைக் கண்டார். இளம் வைத்தியர் பெரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட தடவை முயன்றும் கிருமியை வளர்க்க முடியவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழமையான 2 நாளுக்குப் பதிலாக 5 நாட்கள் கிடந்துவிட்டன. கிருமி வளர்ந்திருந்தது! விடுமுறையும் சில வேளை விஞ்ஞானத்துக்கு உதவும் போலும்.

அமிலத்தில் கிருமி பிழைக்காது என்று பலரும் மறுத்தார்கள். 1984இல் மார்ஷல் அக்கிருமியைக் கரைத்துக் குடித்தார். சில நாட்களில் வாந்தி எடுத்தார். பத்தாம் நாள் பரிசோதனையில் தெரிந்தது அழற்சி, அல்சர் அல்ல. ஆனாலும் ஆரோக்கியமான இரைப்பையைக் கிருமி தாக்கும் என்பது தெளிவாயிற்று. 1994இல்தான் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, கிருமி உள்ள புண்ணுக்கு அன்டிபயோடிக் கொடுக்கும்படி பரிந்துரைத்தது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வருவதில்லை. மூட்டுவலிக்கு விழுங்கும் சில வலிநிவாரணிகளும் புண்ணை உண்டாக்கும். எதுவானாலும், அல்சர் என்று நாமே பெயர் சூட்டி வருடக்கணக்கில் அமிலத்துக்கு மாத்திரை போடுபவருக்கு, இரண்டு கிழமை மருந்தில் ஒழியக்கூடிய கிருமி உள்ளே இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதே இல்லை.