கடவுளை நம்பாதவரின் வாக்கை நம்பலாமா?

பதவியேற்பு விழாக்களில் கவனித்திருப்பீங்க.
சிலர் கடவுள் பெயரால் உறுதி எடுப்பார்கள். சிலர் "உளமார" என்பார்கள்.

இந்த "உளமார" என்ற ஒரு சொல்லுக்காக ஒருவர் சிறைக்கே போயிருக்கிறார் தெரியுமா?

வாங்க பார்ப்போம் 👇

1880, இங்கிலாந்து.
நார்த்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து பார்லிமெண்ட் வருகிறார் சார்லஸ் பிராட்லா. ஊரறிந்த நாத்திகர்.

"கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதில் உறுதிமொழி கூறுகிறேன்" என்றார்.
"அந்த உரிமை உமக்கில்லை" என்றது சபை. இத்தனைக்கும் குவேக்கர் கிறிஸ்தவர்களுக்கு அந்த உரிமை ஏற்கனவே இருந்தது.

சரி, எல்லாரையும் போல சத்தியமே செய்கிறேன் என்றார்.
"நம்பாதவர் செய்யும் சத்தியம் செல்லாது" என்று அதையும் மறுத்தார்கள்!

அப்போ அந்த மனுஷன் என்னதான் செய்வார்?

சபையை விட்டு வெளியேற மறுத்தார். அங்கேயே மணிக்கூண்டில் அடைத்தார்கள்.
1881ல் உள்ளே நுழைய முயன்றபோது இழுத்து வெளியே தள்ளினார்கள்.

ஆனா தொகுதி மக்கள் விடலை. 1881, 1882, 1884 இடைத்தேர்தல்கள், 1885 பொதுத்தேர்தல்.. நாலு முறையும் அவரையே ஜெயிக்க வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடவுளை நம்பியவர்கள்தான்.

அவருக்காக 1883ல் சட்டத்திருத்தம் கொண்டுவந்த பிரதமர் கிளாட்ஸ்டன் யார்? ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். வெறும் மூணு ஓட்டில் மசோதா தோற்றது.

1886ல் சபாநாயகர், குறுக்கே யாரையும் பேச விடாமல் பிராட்லா சத்தியம் செய்ய அனுமதித்தார்.
1888ல் அவரே கொண்டுவந்த சட்டத்தால் உறுதிமொழி எல்லோருக்கும் உரிமையானது.

ஜனவரி 1891. அவரை விலக்கிய பழைய தீர்மானத்தை சபை தன் குறிப்பேட்டிலிருந்தே நீக்கியது. அதை அறியும் நிலையில் அவர் இல்லை. மூன்று நாளில் இறந்தார்.

இந்தியர்களின் உரிமைக்காக அந்த சபையில் ஓயாமல் பேசியவர் அவர். இறுதி ஊர்வலத்துக்குப் போனவர்களில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர். ராம பக்தரான அதே காந்திதான்!

நமது அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. 1967ல் அண்ணா முதல்வரானபோது "உளமார" என்றுதான் பதவியேற்றார். யாரும் தடுக்கவில்லை.

மருத்துவர்களும் அப்படித்தான். பழைய ஹிப்போகிராட்டிஸ் உறுதிமொழி அப்போலோ தெய்வத்தின் பெயரால் தொடங்கும். 1948 ஜெனீவா உறுதிமொழியில் மருத்துவர் தன் சொந்த கௌரவத்தின் மீதே வாக்கு தருகிறார்.

நம்பிக்கை இல்லாதவருக்கு சமூகம் தனி மேடை எதுவும் போட வேண்டாம். "உன் வாக்கும் வாக்குதான்" என்று ஏற்றுக்கொண்டாலே போதும்.

அந்த வார்த்தையை நம்பிக்கையாளர்கள் சொல்லும்போதுதான் அதற்கு பலம் அதிகம்.