உளச்சிகிச்சையும் சமுதாய நிலைமையும்: பிளிடா வைத்தியசாலை தரும் பாடம்

உளநோய் தனிமனிதனின் உள்ளத்தில் தோன்றுவது. ஆதலால் அதன் தீர்வும் அவனுள்ளேயே தேடப்படவேண்டும் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. இக்கருத்து எத்துணைக் குறைபாடுடையது என்பதைப் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த அல்ஜீரியாவில் பிரான்ட்ஸ் பனான் என்னும் உளமருத்துவர் பெற்ற அனுபவம் தெளிவாக உணர்த்துகின்றது.

1925இல் மார்ட்டினிக் தீவிற் பிறந்த பனான் பிரான்சில் மருத்துவம் பயின்றவர். 1953 நவம்பரில் பிளிடா நகர மனநோய் வைத்தியசாலையிற் பொறுப்பேற்றார். அல்ஜீரியர் பிறப்பிலேயே வன்செயல் நாட்டமும் முதிராச் சிந்தையும் உடையோர் என அல்ஜியர்ஸ் நகர உளமருத்துவ அறிஞர் அக்காலத்திற் போதித்து வந்தனர். அடக்குமுறையின் விளைவை இயற்கையின் குறைபாடாகக் காட்டிய இக்கோட்பாடு ஆட்சியாளருக்கு வாய்ப்பாயிற்று.

பனானின் பொறுப்பில் ஐரோப்பியப் பெண்கள் 165 பேரும் முஸ்லிம் ஆண்கள் 220 பேரும் இருந்தனர். நோயாளரைக் கூட்டுவாழ்வில் ஈடுபடுத்தும் சமூகச் சிகிச்சையை அவர் இரு சாராரிடத்தும் தொடங்கினார். கூட்டங்கள், விழாக்கள், திரைப்படங்கள், கைவினை என்பன பெண்களிடையே நற்பயன் அளித்தன. ஆண்களிடத்தோ அம்முயற்சி தோல்வியுற்றது. இத்தோல்வியை அவர் நோயாளர்மீது சுமத்தவில்லை. பிரெஞ்சு வாழ்க்கைமுறையை வேற்றுப் பண்பாட்டினர்மீது திணித்தமையே தவறு என, ஜாக் அசூலேயுடன் சேர்ந்து 1954இல் எழுதிய கட்டுரையில் ஒப்புக்கொண்டார். மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி மருத்துவர் நோயாளியுடன் பேசவும் இயலவில்லை. கைவினையோ அவ்வாண்களுக்குப் பெண்களின் தொழிலாகத் தோன்றியது. பின்னர் அவர்களுக்குப் பழக்கமான கோப்பிக்கடை அமைக்கப்பட்டது; இஸ்லாமியப் பெருநாட்கள் கொண்டாடப்பட்டன; கதைசொல்லி வரவழைக்கப்பட்டார். நோயாளரும் மெல்லமெல்லக் கலந்துகொள்ளலாயினர்.

எனினும், வைத்தியசாலை மதில்களுக்குள் செய்யத்தக்க சீர்திருத்தத்துக்கு எல்லையுண்டு. 1954 நவம்பரில் விடுதலைப் போர் மூண்டது. சித்திரவதைக்குள்ளானோரும் சித்திரவதை செய்தோரும் சிகிச்சை நாடி வந்தனர். கைதிகளை வதைத்து, வீட்டில் மனைவி மக்களையும் தாக்கிய பொலிஸ் அதிகாரி ஒருவர், மனச்சான்றின் உறுத்தலின்றித் தம் தொழிலைத் தொடர உதவுமாறு வேண்டியதைப் பனான் 1961இல் வெளிவந்த தமது நூலிற் பதிவுசெய்துள்ளார். நோயாளியைச் சூழலோடு இசைவிப்பதே சிகிச்சை எனின், இவ்வதிகாரியைக் குணப்படுத்துவது சித்திரவதைக்குத் துணைபோவதாகாதா? சொந்த நாட்டிலேயே அந்நியனாக்கப்பட்டவனை அந்நிலைமையோடு இசைவிக்க மருத்துவம் முயல்வது முரண் என்பது பனானின் விலகற் கடிதத்தின் சாரமாகும். 1956 இறுதியிற் பதவி துறந்த அவர் 1957 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டார்.

அதன்பின் அவர் சிகிச்சையைக் கைவிட்டாரல்லர். துனிசிற் பகல்நேரச் சிகிச்சை நிலையமொன்றை நடத்தினார். எனவே, உளச்சிகிச்சை பயனற்றது என்பது அவர் கண்ட முடிபன்று. நோயாளியின் மொழியையும் பண்பாட்டையும் உரிமையையும் புறக்கணிக்கும் சிகிச்சை, அறிந்தோ அறியாமலோ அநீதிக்குக் கருவியாகிவிடும் என்பதே பிளிடா தரும் பாடமாகும்.